சிலிண்டர் ஹெட்டுக்குள் துறைமுகம் எதற்கு?

ஓசூர்ப் பக்கம் தொழிற்பயிற்சிக்குப் போகும் பிள்ளைகளின் பாடத்தாள்களில் 'உள்ளிழுப்புத் துறைமுகம்', 'வெளியேற்றத் துறைமுகம்' என்று பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. கடலே இல்லாத கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பைக்குக்கு இரண்டு துறைமுகம்! இன்ஜினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டில் காற்று உள்ளே வரவும் புகை வெளியே போகவும் இருக்கும் வழிக்கு ஆங்கிலத்தில் 'போர்ட்' என்று பெயர். அதைத்தான் இப்படி மொழிபெயர்த்திருக்கிறார்கள்.

இந்தப் போர்ட்டுக்கு மூலம் 'போர்ட்டா' என்ற லத்தீன் சொல். வாசல் என்று பொருள். துறைமுகத்தைக் குறிக்கும் போர்ட் 'போர்ட்டுஸ்' வழியாக வந்தது. இரண்டும் பங்காளிகள்தான், ஆனால் இன்ஜினுக்கு வேண்டியது வாசல்.

துறைமுகத்தையாவது சிரித்துத் தள்ளிவிடலாம். 'துளை' என்று எழுதுகிறார்களே, அதுதான் ஆபத்து. சரியான சொல் போலவே தெரியும். நம் ஊரில் துளை என்றால் கிரானைட் குவாரியில் டிரில் வைத்து நேராக இறக்குவது. போர்ட்டோ வார்ப்பிலேயே உருவாகும் பாதை. காற்றோ புகையோ போகும் குழாயான மேனிஃபோல்டு சேரும் முகத்தில் தொடங்கி, வளைந்து போய், வால்வு மூடும்போது உட்காரும் வளையமான வால்வு சீட்டில் முடிகிறது. காற்று தடுமாறுவது அந்த வளைவில்தான். உள்பக்க வளைவு கூர்மையாக இருந்தால் காற்று சுவரை விட்டுப் பிரிந்துவிடும். அப்புறம் போர்ட் எவ்வளவு அகலமாக இருந்தும் பாய்கிற இடம் சுருங்கிப்போகும்.

துளை என்று படித்த பையன் என்ன செய்வான்? பெரிசாக்கினால் காற்று கூடும் என்று கிரைண்டரை எடுப்பான். தேவைக்கு மேல் அகலமானால் குறைந்த ஆர்பிஎம்மில் காற்றின் வேகம் விழும், சிலிண்டர் சரியாக நிரம்பாது, தொப்பூர் ஏற்றத்தில் வண்டி திணறும். பெரும்பாலும் கைவைக்க வேண்டியது வால்வுக்குப் பின்னால் கிண்ணம் போலக் குழிந்த பகுதியிலும் சீட்டிலும். சீட்டை 30, 45, 60 டிகிரி என்று மூன்று முகமாக வெட்டுவது காற்று ஒட்டித் திரும்பட்டும் என்றுதான். இன்டேக்கை, அதாவது காற்று உள்ளே வரும் போர்ட்டை, கண்ணாடி மாதிரி பாலிஷ் போடுவதிலும் பெரிய லாபமில்லை. கார்புரேட்டர் வண்டிக்கு லேசான சொரசொரப்பே நல்லது, சுவரில் ஒட்டிய பெட்ரோல் மறுபடி காற்றோடு கலக்கும்.

'வாய்' என்று சொல்லலாமே என்பார்கள். அது முகப்பை மட்டும்தான் காட்டும், உள்ளே போகும் பாதை விட்டுப்போகும். என் வாக்கு 'புழை'க்கு. பழைய தமிழில் சிறுவாயிலும் புழை, குழல் போன்ற உள்வழியும் புழை. யானையின் தும்பிக்கை புழைக்கை. வீட்டின் பின்பக்கம் புழைக்கடை, பேச்சில் புழக்கடை. இன்டேக்குக்குக் காற்றுப்புழை, எக்ஸாஸ்டுக்குப் புகைப்புழை. வேலை முடிந்தது.

பட்டறையில் போர்ட் என்றே சொல்லட்டும், எனக்குக் குறையில்லை. தமிழில் எழுதுகிறேன் என்று உட்காருகிறவர்கள், கழற்றி வைத்த ஹெட்டில் ஒருமுறையாவது விரலை விட்டுப் பார்க்கக் கூடாதா? அதே தாளில் வால்வு சீட் 'இருக்கை', வால்வின் தண்டு ஏறி இறங்கும் குழலான வால்வு கைடு 'வழிகாட்டி'.