ஐந்து இதழ் இருந்தால் மணல் டாலரா?

"சார், மணல் டாலர் கிடைச்சிருக்கு!" அரியலூர் பக்கத்திலிருந்து வாட்ஸ்அப்பில் இப்படி அடிக்கடி படம் வருகிறது. சுண்ணாம்புக்கல்லில் கிடைத்த புதைபடிவத்தில் ஐந்து இதழ் விரிந்த பூ தெரிந்ததும், நாணயம்போல் தட்டையான கடல் முள்ளெலியான மணல் டாலர் என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து பூவை மட்டும் நம்பாதீர்கள். மூச்சுவிடும் குழாய்க்கால்கள் வெளிவந்த துளைகளின் வரிசைதான் அது. மணல் டாலர் அல்லாத பல கடல் முள்ளெலிகளுக்கும் உண்டு.

போன மாதம் ஒரு மாணவி கொண்டுவந்த கல்லைப் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தோம். மணல் டாலர் தட்டையாக இருக்கும்; இது குவிந்து நின்றது. பின்புறம், மேல்பக்கத்திலேயே ஒரு பள்ளத்துக்குள் ஆசனவாய். மணல் டாலரில் அது பெரும்பாலும் அடியில் அல்லது விளிம்பை ஒட்டி இருக்கும். கையிலிருந்தது ஸ்டிக்மடோபைகஸ் எலாடஸ் என்ற வேறொரு கடல் முள்ளெலி. 1846-ல் இயற்கையியலாளர் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் விவரித்த இனம்.

வயதும் ஒத்துவராது. இது கிடைத்த, அரியலூர்ப் பகுதியின் கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லுக்குச் சுமார் 7 கோடி வயது. மணல் டாலர் கூட்டத்தின் மிகப் பழைய புதைபடிவங்களில் ஒன்றான டோகோசயாமஸ், டைனோசர்கள் அழிந்த பிறகு வந்த பேலியோசீன் காலத்தது.

பெயர் தவறியதற்காக மாணவியைக் குறை சொல்ல மாட்டேன். நிபுணர்களையே உருவம் ஏமாற்றியிருக்கிறது. மணல் டாலரையும், தடித்த 'கடல் பிஸ்கட்'டான கிளைப்பியாஸ்டரையும் வகைப்பாட்டில் ஒரே வரிசையில் (order) வைத்திருந்தோம். இரண்டுக்கும் தாடை, ஓட்டுக்குள் தாங்குதூண்கள் எல்லாம் உண்டே! 2018-ல் வந்த மரபணு ஆய்வு அதைக் கலைத்தது. வளர்ந்தபின் தாடையே இல்லாத காசிடுலாய்டு முள்ளெலிகளில் சிலதான் மணல் டாலருக்கு நெருங்கிய உறவு. அரியலூர்க் கல்லையும் காசிடுலாய்டு என்றுதான் வகைப்படுத்தி வந்திருக்கிறோம். அப்படிப் பார்த்தால் மாணவி சொன்னது வெகுதூரம் தவறவில்லை.

எனக்கு வலித்தது வேறு. பளிச்சென்று தெரியட்டும் என்று இரவெல்லாம் வினிகரில் ஊறவைத்திருந்தார். ஓடு கால்சைட், அமிலத்தில் கரையும். வாயைச் சுற்றி இருக்கவேண்டிய ஐந்து புடைப்புகள் மழுங்கிப் போயிருந்தன. வகைப்படுத்த எங்களுக்கு முக்கியமான அடையாளம் அது. தண்ணீரும் மென்மையான பல்துலக்கும் பிரஷ்ஷும் போதும். வார்னிஷ் வேண்டாம்.

அப்புறம், எடுக்கும் முன்பே இடத்தையும் எந்த அடுக்கு என்பதையும் குறித்துவிடுங்கள். அனுமதி இல்லாமல் சுரங்கத்துக்குள் இறங்காதீர்கள். எனக்கு அனுப்பும்போது பக்கத்தில் ஒரு நாணயம் வைத்து மேல், கீழ், பக்கம், பின்புறம் என நான்கு படம். கீழ்ப்பக்கப் படம்தான் யாரும் அனுப்புவதில்லை.