வேனில் ஏற்றிவிட்டாலும் குப்பை உங்களுடையதுதான்: இங்கிலாந்தில் கவுன்சிலின் கடமையும் நம் கடமையும்

வீடு மாறும்போது பழைய மெத்தை ஒன்று மிஞ்சும். கதவிடுக்கில் விழுந்த துண்டுச் சீட்டைப் பார்த்து ஒரு வேன்காரரைக் கூப்பிடுகிறோம். அவர் காசை வாங்கிக்கொண்டு மெத்தையையும் நாலு கறுப்புப் பைகளையும் ஏற்றிக்கொண்டு போகிறார். சில வாரம் கழித்துக் கவுன்சிலிலிருந்து, அதாவது உள்ளாட்சி மன்றத்திலிருந்து, கடிதம் வருகிறது. எங்கோ ஒரு மரத்தடியில் கிடந்த பையைக் கிளறியபோது நம் பெயர் போட்ட மின்கட்டண உறை அகப்பட்டிருக்கிறது. வேன்காரர் யார் என்று கேட்டால் நம்மிடம் பதில் இல்லை. அவருடைய பழைய கைபேசி எண் இப்போது அடிப்பதுமில்லை.

"நான் காசு கொடுத்தேனே, அவர் கொட்டியதற்கு நான் என்ன செய்வேன்?" என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். 1990ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில் 34ஆம் பிரிவு இதற்குப் பதில் வைத்திருக்கிறது. வீட்டுக் குப்பையை யாரிடம் கொடுத்தாலும், அதை எடுத்துச்செல்ல அவருக்கு அனுமதி உண்டா என்று நியாயமான அளவுக்குப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். பார்க்காமல் கொடுத்தது தனிக் குற்றம். கொட்டியவர் அகப்பட்டாரா இல்லையா என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. இதற்கான உடனடி அபராதத்தின் உச்சவரம்பு 2023 ஜூலை 31 முதல் 600 பவுண்டு. கொட்டியவருக்கு 1,000 பவுண்டு வரை. அவருடைய வழக்கு மேல் நீதிமன்றம் வரை போனால் வரம்பில்லாத அபராதமும் ஐந்து ஆண்டு வரை சிறையும் கிடைக்கலாம். உச்சவரம்பைத்தான் சட்டம் சொல்கிறது. அதற்குள் எவ்வளவு என்பதை அந்தந்தக் கவுன்சில் முடிவு செய்யும்.

சின்ன விஷயம் என்று இதை ஒதுக்க முடியாது. 2023-24இல் இங்கிலாந்துக் கவுன்சில்கள் கையாண்ட சட்டவிரோதக் கொட்டல்கள் சுமார் 11.5 லட்சம். அவற்றில் 60 சதவீதம் வீட்டுக் குப்பை.

பார்ப்பது என்றால் பெரிய வேலை ஒன்றுமில்லை. குப்பை ஏற்றிச்செல்பவர்களின் பொதுப் பதிவேடு சுற்றுச்சூழல் முகமையின் இணையத்தளத்தில் இருக்கிறது. வேன்காரரிடம் பதிவு எண்ணைக் கேட்டு அங்கே தட்டிப் பார்க்கலாம், இரண்டு நிமிடம் போதும். எங்கே கொண்டுபோய்ப் போடுவீர்கள் என்று கேளுங்கள். வண்டியின் எண் பலகையைக் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். காசைக் கையில் கொடுக்காமல் வங்கி வழியாக அனுப்பி, ரசீதும் வாங்கிவிட்டால், பிறகு கடிதம் வந்தாலும் காட்டுவதற்கு ஏதாவது இருக்கும். பதிவு எண் கேட்டதும் முகம் சுளிப்பவரிடம் மெத்தையைக் கொடுக்காமலிருப்பதே நல்லது.

வேன்காரர் இல்லாமலும் வழி உண்டு. பெரிய பொருட்களைக் கவுன்சிலே வந்து எடுக்கும். அதற்குக் கட்டணம் வாங்கச் சட்டம் அனுமதிக்கிறது, ஊருக்கு ஊர் தொகை மாறும். நாமே மறுசுழற்சி மையத்துக்குக் கொண்டுபோனால் சாதாரண வீட்டுக் குப்பைக்குக் கட்டணம் இல்லை. குளியலறைச் சுவர் ஓடுகளை உடைத்த கழிவு, பழைய பிளாஸ்டர் போன்ற வீட்டுத் திருத்த வேலைக் குப்பைக்குப் பல இடங்களில் முன்பு காசு கேட்டார்கள். 2023 டிசம்பர் 31 முதல் அதுவும் கூடாது. நாலு வாரத்தில் நாலு தடவை வரை, ஒவ்வொரு தடவையும் 50 லிட்டர் பை இரண்டு, அல்லது பைக்குள் அடங்காத ஒரு பொருள் இலவசம். நம் வீட்டில் நாமே செய்த வேலையாக இருக்க வேண்டும். கூலிக்கு ஆள் வைத்துச் செய்தால் அது அந்தக் கட்டடக்காரர் பொறுப்பில் போக வேண்டிய கழிவு. பல மையங்களில் முன்பதிவும் முகவரிச் சான்றும் கேட்பார்கள், வேனில் போனால் தனி அனுமதி கேட்கும் இடங்களும் உண்டு. கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள்.

பின் (குப்பைத் தொட்டி) எடுப்பதும் மையத்தை நடத்துவதும் ஒரே கவுன்சில் என்று நினைத்துத் தவறான கதவைத் தட்டுபவர்கள் நிறைய. மாவட்டக் கவுன்சிலுக்கு மேலே கவுன்டி கவுன்சிலும் உள்ள ஊர்களில் வீட்டு வாசலில் எடுப்பது மாவட்டக் கவுன்சில், அழிப்பதும் மையம் நடத்துவதும் கவுன்டி. லண்டனிலும் சில இடங்களில் இந்தப் பிரிவு உண்டு. நியூஹாம், ரெட்பிரிட்ஜ், பார்க்கிங் அண்ட் டாகனம், ஹேவரிங் ஆகிய நான்கின் குப்பையையும் கிழக்கு லண்டன் கழிவு ஆணையம் பார்க்கிறது. ஹாரோ, பிரென்ட், ஈலிங் பக்கத்துக்கு மேற்கு லண்டன் கழிவு ஆணையம்.

இனி வாராந்தரப் பின். வீட்டுக் குப்பையை எடுப்பது கவுன்சிலின் சட்டக் கடமை. வழக்கமான குப்பைக்குத் தனிக் கட்டணம் கிடையாது. தோட்டக் கழிவுக்கு வாங்கலாம், பெரும்பாலும் வாங்குகிறார்கள். 2026 மார்ச் 31 முதல் இங்கிலாந்து முழுவதும் வீடுகளுக்கு ஒரே பட்டியல் என்பது புதிய விதி. உணவுக் கழிவு, காகிதமும் அட்டையும், கண்ணாடி-உலோகம்-பிளாஸ்டிக் போன்ற மற்ற மறுசுழற்சிப் பொருட்கள், மிச்சக் குப்பை என்று பிரிக்க வேண்டும். சில கவுன்சில்களுக்குப் பிந்திய தேதி கொடுத்திருக்கிறார்கள். இதில் நமக்கு உண்மையில் பயன்படுவது உணவுக் கழிவுதான். அதை வாரம் ஒருமுறை எடுத்தே ஆக வேண்டும். மீன் முள்ளும் கறி எலும்பும் பழைய சோறும் இரண்டு வாரம் கறுப்புப் பின்னில் கிடந்து நாறுவதற்கு இனி முகாந்திரம் இல்லை. பிளாஸ்டிக் பை, உறை போன்ற மெல்லிய பிளாஸ்டிக்கும் 2027 மார்ச்சுக்குள் பட்டியலில் சேர்கிறது.

தவறான பின்னில் போட்டால் உடனே ஃபைன் என்று ஒரு பயம் நம்மவர்களிடம் இருக்கிறது. தயிர் டப்பாவைக் கழுவாமல் போட்டதற்கு ஆயிரம் பவுண்டு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 2015இல் விதியைத் தளர்த்திவிட்டார்கள். லண்டனுக்கு வெளியே, நீங்கள் செய்தது அக்கம்பக்கத்துக்குத் தொல்லையாகவோ தெருவைக் கெடுப்பதாகவோ இருந்தால்தான் நடவடிக்கை. அதுவும் முதலில் எழுத்தில் எச்சரிக்கை, பிறகு அறிவிப்பு, அதன் பிறகே 60 முதல் 80 பவுண்டு. அதை எதிர்த்துத் தீர்ப்பாயத்துக்கும் போகலாம். லண்டனுக்குத் தனிச் சட்டம். நடைமுறையில், கலந்து கிடக்கும் பின்னை எடுக்காமல் விட்டுவிட்டுப் போவார்கள். தண்டனை என்றால் பெரும்பாலும் அவ்வளவுதான்.

முதுமையாலோ உடல்நலக் குறைவாலோ பின்னைத் தெருவுக்கு இழுக்க முடியாதவர்களுக்கு, பணியாளரே உள்ளே வந்து எடுத்துவிட்டுத் திரும்ப வைக்கும் ஏற்பாடு பெரும்பாலான கவுன்சில்களில் உண்டு. விண்ணப்பித்தால்தான் கிடைக்கும். அம்மாவோ அப்பாவோ தனியாக இருந்தால் அவர்களுக்காக நீங்கள் விண்ணப்பியுங்கள்.

தெருவில் கிடப்பது யாருடைய பொறுப்பு? பொதுத் தெருவும் நடைபாதையும் கவுன்சிலுடையவை. சுத்தமாக வைத்திருப்பது அதே 1990 சட்டத்தின் 89ஆம் பிரிவின்படி அதன் கடமை. ஆள் நடமாட்டத்தைப் பொறுத்துத் தெருக்களை வகைப்படுத்தியிருக்கிறார்கள். நெரிசல் மிகுந்த கடைத்தெரு அசுத்தமானால் அரை நாளில், நடுத்தர நடமாட்டமுள்ள இடம் ஒரு நாளில், அமைதியான தெரு 14 நாளில் பழைய நிலைக்கு வர வேண்டும் என்பது வழிகாட்டல். நடக்கவில்லையென்றால் ஐந்து நாள் முன்னறிவிப்பு எழுத்தில் கொடுத்துவிட்டு, பாதிக்கப்பட்டவரே மஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குப் போகலாம்.

ஆனால் வரிசை வீடுகளின் பின்புறம் ஓடும் சந்து அப்படியல்ல. பல இடங்களில் அது தனியார் நிலம், இருபக்க வீட்டுக்காரர்களுக்கும் சொந்தம். அங்கே யாரோ சோபாவைப் போட்டுவிட்டால் அகற்றும் செலவு வீட்டுக்காரர்கள் தலையில்தான். அநியாயமாகத்தான் படுகிறது. ஆனாலும் விதி அப்படி. கூடிப் பணம் போட்டுச் சந்துக்குக் கதவு வைத்த தெருக்கள் இருக்கின்றன.

சிகரெட் துண்டைக் கீழே போட்டாலும் 500 பவுண்டு வரை அபராதம். காரிலிருந்து யார் எறிந்தாலும் வண்டி யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவருக்கு அபராதம் அனுப்பக் கவுன்சிலுக்கு அதிகாரம் உண்டு. ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: தெருவில் எழுதிக் கொடுக்கும் இந்த அபராதம், வழக்கைத் தவிர்க்கக் கொடுக்கப்படும் ஒரு வாய்ப்பு. நீங்கள் செய்யவே இல்லையென்றால் கட்டாமல் நீதிமன்றத்தில் வாதாடலாம். ஆனால் பேசாமல் கிழித்துப் போட்டால் வழக்கு வரும்.

தெருப் பாதுகாப்பும் கவுன்சிலின் வேலையா, போலீஸ் வேலை இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. 1998ஆம் ஆண்டின் குற்றம் மற்றும் ஒழுங்கீனச் சட்டம் கவுன்சில், போலீஸ், தீயணைப்பு, சுகாதாரம், நன்னடத்தைக் கண்காணிப்புத் துறை எல்லாவற்றையும் ஒரே கூட்டாக உட்கார வைத்திருக்கிறது. இதில் நாம் தெரிந்து வைக்க வேண்டியது, சமூகத் தொல்லை மறுஆய்வு என்ற உரிமை. 2014இல் வந்தது. வாசலில் கும்பல், இரவெல்லாம் சத்தம், மிரட்டல் என்று ஆறு மாதத்துக்குள் மூன்று முறை முறையிட்டும் சரியாகவில்லையென்றால், எல்லாத் துறையும் சேர்ந்து அந்த விவகாரத்தை மீண்டும் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். கவுன்சிலிடம் ஒன்று, போலீசிடம் ஒன்று, வீட்டை வாடகைக்குத் தந்த வீட்டுச் சங்கத்திடம் ஒன்று என்றாலும் கணக்கில் சேரும். பாதிக்கப்பட்டவரின் சம்மதத்தோடு மகனோ, கவுன்சிலரோ, எம்.பி.யோ கூட விண்ணப்பிக்கலாம். ஆங்கிலம் பேசத் தயங்கும் பெரியவர்களுக்கு இது பெரிய உதவி.

இங்கேதான் நம்மவர்கள் சறுக்குகிறார்கள். "இதெல்லாம் எதற்கு, பொறுத்துப் போவோம்" என்று ஒரு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, தாங்க முடியாத நாளில்தான் முதல் தொலைபேசி. அப்போது கவுன்சிலின் ஏட்டில் அது முதல் முறையீடு, மூன்றாவது அல்ல. தொல்லை நடந்து ஒரு மாதத்துக்குள் சொன்னால்தான் அது எண்ணிக்கையில் சேரும். ஒவ்வொரு தடவையும் குறிப்பு எண் வாங்கித் தேதியோடு எழுதி வையுங்கள். பின் எடுக்கவில்லை என்று சொல்வதற்கும் இதே கதைதான், அதற்குப் பல கவுன்சில்கள் ஓரிரு வேலை நாள்தான் தருகின்றன.

கவுன்சில் அசையவே இல்லையென்றால் முதலில் அதன் சொந்த முறையீட்டு வழியில் கடைசிப் படி வரை போக வேண்டும். அதன் பிறகு, கவுன்சில்கள் மீதான முறையீடுகளை விசாரிக்கும் உள்ளாட்சி மற்றும் சமூகப் பராமரிப்பு ஒம்புட்ஸ்மன். கட்டணம் இல்லை, பிரச்சினை தெரிந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் போக வேண்டும். அதற்கிடையில் கோபத்தில் கவுன்சில் வரியை மட்டும் நிறுத்தி வைக்காதீர்கள். பின் எடுக்காத கவுன்சிலுக்கும் வரி பாக்கிக்கு நீதிமன்ற அழைப்பாணை வாங்கும் உரிமை இருக்கிறது. அந்த வேலையை மட்டும் அது தாமதமில்லாமல் செய்யும்.