ஆம்ப்ளிபையருக்குப் பெட்டி செய்வது எப்படி: மடிப்பு, சூடு, எர்த்

வீட்டிலேயே ஆம்ப்ளிபையர் கட்டுகிறவர்கள் சர்க்யூட்டுக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியைக்கூடப் பெட்டிக்குக் கொடுப்பதில்லை. சூட்டை வெளியே தள்ளுவது, ஷாக் அடிக்காமல் காப்பது, டிரான்ஸ்பார்மரின் காந்தப்புலம் சிக்னல் பக்கம் போகாமல் தடுப்பது எல்லாமே பெட்டியின் வேலைதான். கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. ஓசூர் சிப்காட்டை ஒட்டி வாகன உதிரிபாகங்களுக்காக வளர்ந்த லேசர் கட்டிங், பெண்டிங் (ஷீட் மடிப்பு), பவுடர் கோட்டிங் பட்டறைகள் பக்கத்திலேயே இருக்கின்றன. வரைபடம் சரியாக இருந்தால் ஒற்றைப் பெட்டியைக்கூடச் செய்து வாங்கலாம். வரைபடத்தில்தான் பெரும்பாலும் சறுக்குகிறது.

2 மி.மீ. அலுமினிய ஷீட்டில் அடி 300, இரு பக்கச் சுவரும் 80 மி.மீ. என 'ப' வடிவப் பெட்டி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 80 + 300 + 80 என்று கூட்டி 460 மி.மீ. வெட்டக் கொடுத்தால் பெட்டி தப்பாகத்தான் வரும். மடிக்கும்போது ஷீட்டின் வெளிப்புறம் நீள்கிறது, உட்புறம் அமுங்குகிறது. நீளம் மாறாத கோடு உட்புறத்திலிருந்து ஏறத்தாழ 0.4 பங்கு தடிமனில் ஓடுகிறது. உள் வளைவின் ஆரம் 2 மி.மீ. என்றால், அந்தக் கோட்டின் வளைந்த நீளம் 1.57 × (2 + 0.8) = 4.4 மி.மீ. வெளி அளவுகளைக் கூட்டும்போது அந்த மூலைக்கு நாம் கொடுத்ததோ, ஆரமும் தடிமனும் சேர்ந்து பக்கத்துக்கு 4 என, 4 + 4 = 8 மி.மீ. ஆகவே மடிப்பு ஒன்றுக்கு 3.6 மி.மீ. கழித்து, 452.8 மி.மீ. வெட்ட வேண்டும். கழிக்காமல் விட்டு, சுவர்களை மட்டும் சரியாக 80-இல் மடித்தால் அடி 307.2 மி.மீ. ஆகிவிடும், மூடி உட்காராது. 0.4 என்ற எண் டூலுக்கும் ஷீட்டுக்கும் ஏற்பக் கொஞ்சம் மாறும் என்பதால், அந்தப் பட்டறையில் இந்தத் தடிமனுக்கு எவ்வளவு கழிக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு வரைவது நல்லது.

மடிப்புக்கு அருகே ஓட்டை வைத்தால் அது முட்டை வடிவமாக இழுபடும். 2 மி.மீ. ஷீட்டில் ஓட்டையின் விளிம்பு மடிப்பிலிருந்து 7 மி.மீ.யாவது தள்ளி இருக்கட்டும். மடிக்கும் ஓரம் 12 மி.மீ.க்குக் குறைந்தால் மடிக்கும் மெஷினின் டையில் உள்ள பள்ளத்துக்குள் வழுக்கி விழும். மடிக்கப் போகும் ஷீட் 5052 என்ற அலுமினிய ரகமாக இருப்பது முக்கியம். 6061-டி6 பலமானதுதான், ஆனால் சூடேற்றிக் கடினமாக்கப்பட்டது. கூர்மையாக மடித்தால் வெளிப்புறம் வெடிக்கும். இரும்பு ஷீட் என்றால் 1.2 மி.மீ. போதும். லேசரில் நைட்ரஜன் வைத்து வெட்டச் சொல்லுங்கள். ஆக்சிஜனில் வெட்டிய ஓரத்தில் ஆக்சைடு படலம் நிற்கும்; அதை நீக்காமல் பவுடர் கோட்டிங் அடித்தால் ஓரத்தில் உரிந்து வரும்.

அடுத்தது சூடு. ±35 வோல்ட்டில் ஓடும் ஏபி வகை ஆம்ப்ளிபையர் 8 ஓம் ஸ்பீக்கரை ஓட்டும்போது, ஒரு சேனலின் அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் அதிகபட்சமாக 2 × 35² ÷ (9.87 × 8), அதாவது சுமார் 31 வாட் சூட்டை வெளியிடும். அந்தச் சூட்டை வாங்கிக் காற்றில் விடும் ஹீட் சிங்க் 65 டிகிரிக்கு மேல் போகக்கூடாது என்று வைத்தால், 25 டிகிரி அறைக்கு வாட்டுக்கு 1.3 டிகிரி மதிப்புள்ள (ஒரு வாட் சூட்டுக்கு அறையைவிட 1.3 டிகிரி ஏறும்) ஹீட் சிங்க் போதும். தர்மபுரியின் மே மாதத்தில் அறை 38 டிகிரி இருந்தால் மிச்சம் 27 டிகிரிதான், வாட்டுக்கு 0.87 டிகிரி வேண்டும், அதாவது ஹீட் சிங்க் ஒன்றரை மடங்கு திறனோடு இருக்க வேண்டும். குளிர்நாட்டு டிசைனை அப்படியே எடுத்துக் கட்டிய ஆம்ப்ளிபையர்கள் நம் ஊர்க் கோடையில் திணறுவதற்கு இதுவே காரணம். ஹீட் சிங்கின் பள்ளங்கள் செங்குத்தாக நிற்க வேண்டும், இல்லாவிட்டால் சூடான காற்று மேலே ஏறாது.

டிரான்சிஸ்டரைப் பொருத்த எம்3 மரை போட 2.5 மி.மீ. டிரில், எம்4-க்கு 3.3. அலுமினியம் மரை வெட்டும் டேப்பில் ஒட்டிக்கொள்ளும். மண்ணெண்ணெய் தொட்டு, ஒரு சுற்று முன்னால் போனால் அரைச் சுற்று பின்னால் திருப்பிச் சில்லை உடைக்க வேண்டும். டிரில் போட்டதும் ஓட்டை வாயில் நிற்கும் பிசிரைப் பெரிய டிரில் பிட்டால் கையாலேயே வழித்துவிடுங்கள். டிரான்சிஸ்டருக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவே மின்சாரம் கடக்காமல் வைக்கும் மைக்கா தாளை அது குத்திக்கொண்டு போனால் டிரான்சிஸ்டரின் முதுகும் ஹீட் சிங்கும் ஷார்ட் ஆகும்.

டொராய்டு (வளைய வடிவ) டிரான்ஸ்பார்மரை நடுவில் ஒரு போல்ட் பிடித்து நிறுத்துகிறது. அந்த போல்ட்டின் தலை மூடியைத் தொட்டால் போல்ட், மூடி, பக்கச் சுவர், அடி எல்லாம் சேர்ந்து டிரான்ஸ்பார்மரைச் சுற்றி ஒரு முழுச் சுற்றாகிவிடும். ஷார்ட் ஆன அந்த ஒற்றைச் சுற்றில் பெரும் கரண்ட் ஓடி பியூஸ் போகும். பியூஸ் அளவு தப்பாக இருந்தால் டிரான்ஸ்பார்மரே கருகும். மூடிக்கும் போல்ட்டுக்கும் நடுவே 10 மி.மீ. இடைவெளி விடுங்கள். டிரான்ஸ்பார்மரையும் பிரீஆம்ப் (சிறு சிக்னலை முதலில் பெருக்கும்) போர்டையும் பிரிக்க இரும்புத் தடுப்பு வைப்பதே சரி. 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலம் அலுமினியத்துக்குள் சுமார் 12 மி.மீ. ஆழம் வரை ஊடுருவும், அதனால் 2 மி.மீ. அலுமினியத் தடுப்பு அதற்குப் பொருட்டே இல்லை.

கடைசியாக அனோடைசிங், அதாவது அமிலத்தில் மின்சாரம் செலுத்தி அலுமினியத்தின் மேல் ஆக்சைடு படலம் வளர்ப்பது. எல்லா ஓட்டைகளையும் போட்டு முடித்த பிறகுதான் அதற்கு அனுப்ப வேண்டும். அடி மூடிய மரை ஓட்டைகளில் அமிலம் தங்கி, பிறகு கசிந்து கறை படியும் என்பதால் அவற்றை அடைத்து அனுப்பச் சொல்லுங்கள். 5052, 6063 என்ற இரு அலுமினிய ரகங்களும் ஒரே சாயத்தில் ஒரே நிறம் பிடிக்காது. முகப்பும் மூடியும் வேறு வேறு ரகமென்றால் மூடிக்குப் பவுடர் கோட்டிங் போதும். அனோடைஸ் படலம் மின்சாரத்தைக் கடத்தாது. திருகி மூட்டிய பெட்டியின் ஒவ்வொரு தகடும் மற்றதிலிருந்து துண்டிக்கப்பட்டு நிற்கலாம். உள்ளே ஒரு மெயின்ஸ் வயர் கழன்று மூடியில் பட்டால் பியூஸ் போகாது, மூடியில் மின்சாரம் அப்படியே நிற்கும். மூட்டு ஒவ்வொன்றிலும் ஓர் இடத்திலாவது படலத்தைச் சுரண்டி, பல் வாஷர் போட்டு இறுக்குங்கள். மெயின்ஸ் சாக்கெட்டின் அருகில் எர்த்துக்கென்றே தனியாக ஓர் எம்4 போல்ட் இருக்கட்டும்; வேறு எதையும் அதில் பிடிக்க வேண்டாம். பிளக்கைச் சொருகும் முன், மல்டிமீட்டரின் இரு முனைகளையும் ஒட்டி வைத்து வரும் அளவைக் கழித்துக்கொண்டு, எர்த் பின்னிலிருந்து மூடி, முகப்பு, பின் தகடு, ஹீட் சிங்க் ஒவ்வொன்றுக்கும் அளந்து பாருங்கள். 0.1 ஓமுக்கு மேல் காட்டும் தகட்டைக் கழற்றி மறுபடி சுரண்டுங்கள்.