லிவரி என்னும் சீர்வண்ணம்

மாதிரி ரயில் பெட்டிகளைக் கிட்டாக, அதாவது தனித்தனிப் பாகங்களாக, வாங்கிக் கட்டுகிறவர்கள் பசையைத் திறக்கும் முன்பே முடிவு செய்ய வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இந்தப் பெட்டி எந்த லிவரியில் வரப்போகிறது? தமிழில் இதைப் பெரும்பாலும் 'நிறம்', 'பெயின்ட்' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அது பாதிப் பொருள்தான். ஒரு ரயில் நிறுவனம் தன் வண்டிகளுக்கென்று வகுத்த நிறங்கள், ஒரு நிறம் முடிந்து இன்னொன்று தொடங்கும் இடம், ஓரக் கோடுகள், எழுத்தின் வடிவம், எண்ணின் இடம், முத்திரை எல்லாம் சேர்ந்ததுதான் லிவரி. பெட்டி யாருடையது என்பதைத் தூரத்திலிருந்தே சொல்வது அதன் வேலை.

சொல் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. பழைய பிரெஞ்சில் 'லிவ்ரே' என்றால் கையளிக்கப்பட்டது, கொடுக்கப்பட்டது. அதற்கும் மூலம் 'லிபெராரே' என்ற லத்தீன் வினை. விடுவிப்பது என்ற பொருள், கையிலிருந்து விடுவது, கொடுப்பது என்று நகர்ந்திருக்கிறது. இடைக்கால ஐரோப்பாவில் ஒரு பிரபு தன் வீட்டு ஆட்களுக்குக் கொடுத்த சோறு, துணிமணி, குதிரைக்குக் கொடுத்த தீவனம் எல்லாமே லிவரிதான். கூலி வாங்கிக்கொண்டு குதிரையைப் பராமரிக்கும் லாயத்தை ஆங்கிலத்தில் இன்றும் 'லிவரி ஸ்டேபிள்' என்கிறார்கள். தீவனப் பொருளின் மிச்சம் அது. பிறகு பொருள் சுருங்கி, கொடுத்த உடை மட்டும் லிவரி ஆனது. ஒரே வீட்டு ஆட்கள் ஒரே நிறத்தில் உடுத்தியதால் உடையைப் பார்த்தே எந்த வீட்டு ஆள் என்று தெரிந்தது. லண்டனின் பழைய தொழிற்குழுக்கள் தங்களுக்கென்று உடை வைத்திருந்ததால் 'லிவரி கம்பெனிகள்' என்றே பெயர் பெற்றன.

ஆளிடமிருந்து வண்டிக்கு இந்தச் சொல் தாவியதில் வியப்பில்லை. தொடக்க கால ரயில் பெட்டிகளைச் செய்தவர்கள் குதிரைக் கோச்சு வண்டி கட்டிய தச்சர்கள். முதல் வகுப்புப் பெட்டி என்பது மூன்று கோச்சு வண்டிகளை ஒரே சட்டத்தில் வரிசையாக உட்கார வைத்தது போலத்தான் இருந்தது. பலகை இணைப்புகளின் மேல் பீடிங் என்னும் மெல்லிய மரப்பட்டி அடிப்பது, பீடிங்கின் ஓரத்தில் மெல்லிய கோடு இழுப்பது, பூச்சுக்கு மேல் அடுக்கடுக்காக வார்னிஷ் ஏற்றுவது எல்லாம் அவர்களிடமிருந்து ரயிலுக்கு வந்த பழக்கங்கள். பிரிட்டனில் நூற்றுக்கும் மேற்பட்ட ரயில் நிறுவனங்கள் இருந்த காலத்தில் ஒவ்வொன்றும் தன் பெட்டிக்குத் தனி உடுப்பு மாட்டியது. லண்டன் அண்ட் நார்த் வெஸ்டர்ன் பெட்டிகளுக்குக் கீழே கரிய பிளம் பழ நிறம், மேலே மிக லேசாக நீலம் கலந்த வெள்ளை. 'பிளமும் சிந்திய பாலும்' என்று ரசிகர்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள்.

இந்த நிறப் பெயர்களில் இரண்டு நம் பக்கத்துக்கு மிக நெருங்கியவை.

முதலாவது மிட்லண்ட் ரயில்வேயின் 'கிரிம்சன் லேக்'. 1923-ல் பிரிட்டனின் ரயில் நிறுவனங்கள் நான்கு பெரிய நிறுவனங்களாக இணைக்கப்பட்டபோது, மிட்லண்டை உள்ளடக்கிய எல்.எம்.எஸ். (லண்டன், மிட்லண்ட் அண்ட் ஸ்காட்டிஷ்) இதே நிறத்தைத் தன் பெட்டிகளுக்கு எடுத்துக்கொண்டது. இந்த 'லேக்' ஏரி அல்ல. 'லாக்' என்ற சொல்லின் மறுவடிவம், அதாவது அரக்கு. மரக்கிளையில் அடையாக அப்பியிருக்கும் அரக்குப் பூச்சியின் பிசினிலிருந்து எடுத்த சிவப்புச் சாயம் ஐரோப்பாவுக்குப் போனபோது, பாரசீக, இந்திய மொழிகளில் அதற்கிருந்த பெயரும் கூடவே போனது. அந்தப் பெயருக்கு மூலம் வடமொழி 'லாக்ஷா'. 'கிரிம்சன்' இன்னொரு பூச்சியின் பெயரிலிருந்து வந்தது. கெர்மெஸ் பூச்சியிலிருந்து எடுத்த சிவப்பை அரபியில் 'கிர்மிசி' என்றார்கள். அதன் அடியில் இருப்பது புழு என்று பொருள்படும் பாரசீக 'கிர்ம்', நாம் அன்றாடம் சொல்லும் 'கிருமி'யின் உறவுச் சொல். மிட்லண்டின் பட்டறை ஊரான டெர்பியில் பூசிய பெட்டியின் நிறப்பெயருக்குள் இவ்வளவு தூரப் பயணம் இருக்கிறது. ஆகவே கிரிம்சன் லேக்கை 'கருஞ்சிவப்பு' என்று எழுதுவதைவிட 'அரக்குச் சிவப்பு' என்று எழுதுவதே எனக்கு நியாயமாகப் படுகிறது. புடவைக் கடையில் அரக்கு நிறம் கேட்டால் எடுத்துப் போடும் நிறமும் ஏறத்தாழ இதுதான்.

இரண்டாவது, அந்த நான்கில் இன்னொன்றான எல்.என்.இ.ஆர். (லண்டன் அண்ட் நார்த் ஈஸ்டர்ன் ரயில்வே) பெட்டிகள். அவற்றுக்குப் பூசிய நிறமே கிடையாது. தேக்குப் பலகையின் மேல் வார்னிஷ், அவ்வளவுதான். ஆங்கில 'டீக்' போர்த்துகீசிய 'தேகா'விலிருந்தும், அது மலையாள, தமிழ் 'தேக்கு' என்ற சொல்லிலிருந்தும் போனது. மரத்தின் இயல்பான நிறமே ஒரு நிறுவனத்தின் லிவரி ஆகிவிட்டது. அது எவ்வளவு ஆழமாக ஊன்றியதென்றால், பின்னாளில் எஃகுத் தகட்டில் கட்டிய சில பெட்டிகளுக்கும் தேக்கின் ரேகை தெரியும்படி பெயின்ட் அடித்தார்கள்.

மாதிரி கட்டுகிறவர்களுக்கு மிகக் கடினமான லிவரியும் இதுதான் என்பேன். பிளாஸ்டிக்கில் மரத்தை வரவைக்க வேண்டும். முதலில் வெளிர் மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிறத்தை அடிப்பூச்சாகக் கொடுத்து நன்றாகக் காயவிட வேண்டும். அப்புறம் செம்பழுப்பு எண்ணெய் வண்ணத்தைத் தட்டைத் தூரிகையில் மிகக் குறைவாகத் தொட்டு, ஒரே வீச்சில் இழுக்க வேண்டும். தூரிகை மயிர் விட்டுப்போகும் கீற்றுகளே மர ரேகை ஆகிவிடும். ஒவ்வொரு பலகைக்கும் நிறம் சற்றே மாறட்டும். உண்மைப் பெட்டியில் ஒவ்வொன்றும் வேறு மரத்தில் அறுத்ததாக இருக்கும் அல்லவா. பீடிங்கில் ரேகை அதன் நீளவாட்டில் ஓட வேண்டும். இதைக் கவனிக்காமல் விட்டால் பெட்டி முழுவதும் ஒரே சன்மைக்கா ஒட்டியதுபோல் ஆகிவிடும். கடைசியில் ஒளி ஊடுருவும் பழுப்பு வார்னிஷ் மெல்லியதாக ஒன்று போட்டால் எல்லாம் ஒன்று சேரும்.

லிவரிக்கு ஊர் மட்டும் போதாது, ஆண்டும் வேண்டும். ரேஷியோ நிறுவனத்தின் பிளாஸ்டிக் கிட்களில் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் நான்கு சக்கரப் பெட்டிகள் உண்டு. நான்கு மில்லிமீட்டர் ஓர் அடிக்குச் சமம் என்ற கணக்கில், அதாவது 1:76 அளவில் வருபவை. பெட்டியின் சாக்லேட் - கிரீம் உடுப்பு புகழ்பெற்றது. ஆனால் 1908-ல் அந்த நிறுவனம் முழுப் பழுப்புக்கு மாறியது. 1912-ல் அரக்குச் சிவப்புக்குப் போய், 1922-ல் மறுபடி சாக்லேட் - கிரீமுக்குத் திரும்பியது. ஆக, ஒரே கிட், ஒரே பெட்டி. ஆண்டைப் பொறுத்து மூன்று உடுப்பு. உங்கள் நிலையத்தில் 1915-ம் ஆண்டு ஓடுகிறது என்றால் கிரீம் டப்பாவைத் திறக்கவே வேண்டாம். இந்த முடிவை முதலிலேயே எடுத்தால்தான், பக்கச் சுவர்களை, கிட்டில் அவை ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து கழற்றுவதற்கு முன்போ, கண்ணாடி ஒட்டுவதற்கு முன்போ, தட்டையாக வைத்தே பெயின்ட் அடித்துவிட முடியும். இரண்டு நிறம் என்றால் வெளிர் நிறம் முதலில், அதை மறைக்க மாஸ்கிங் டேப், பிறகு அடர் நிறம்.

சரியான சாயல் எது என்பதில் சண்டைகள் ஓயாது. பழைய புகைப்படங்களை மட்டும் நம்ப முடியாது. அக்காலப் படச்சுருள்கள் பலவற்றுக்குச் சிவப்பு தெரியாது. அரக்குச் சிவப்புப் பெட்டி கறுப்பாகவே பதிவாகும். பெட்டியின் நிறமும் வார்னிஷ், வெயில், புகை பட்டு மாறிக்கொண்டே இருந்தது. தவிர, அசலின் அதே பெயின்ட்டைச் சிறிய மாதிரிக்கு அடித்தால் கண்ணுக்கு அடர்ந்து தெரியும். சற்று வெளிறிய சாயலே உண்மையாகத் தோன்றும். 1949 வாக்கில் பிரிட்டிஷ் ரயில்வேஸ் கொண்டுவந்த சிவப்பு - கிரீம் உடுப்புக்கு 'ரத்தமும் கஸ்டர்டும்' என்ற பட்டப்பெயர் உண்டு. அந்தச் சிவப்பு எவ்வளவு ரத்தம் என்று இன்றும் விவாதிப்பவர்கள் இருக்கிறார்கள்.

இனி தமிழ்ச் சொல். அகராதிகள் லிவரிக்குச் 'சீருடை' என்கின்றன. ஏவலர் உடைக்கு அது பொருந்தும், வண்டிக்கு ஒட்டவில்லை. 'வண்ணப்பூச்சு' சுவருக்கும் கதவுக்கும்கூடப் பொது. 'நிறத்திட்டம்' பரவாயில்லை, ஆனால் யாருடையது என்ற செய்தி அதில் இல்லை. 'வண்ணக்கோலம்' அழகான சொல். மணக்கோலம், தவக்கோலம் என்பதில் கோலம் என்றால் உடுப்பும் தோற்றமும்தான். ஆனாலும் வண்ணக்கோலம் என்றதும் மனம் மார்கழி வாசலுக்குப் போய்விடுகிறது.

நான் பரிந்துரைப்பது 'சீர்வண்ணம்'. சீருடையை வழிமொழிந்து வருவதால் கேட்டவுடன் பொருள் புரிகிறது: எல்லா வண்டிக்கும் ஒரே ஒழுங்கில் அமைந்த வண்ணம். அதோடு சீர் என்றால் பிறந்த வீடு கொடுப்பதும்தானே. சீர் கொடுத்தார்கள், சீர் வந்தது என்கிறோம். உரிமையுள்ளவர் கொடுத்தது என்ற 'லிவ்ரே'யின் ஆதிப் பொருள் இந்தச் சொல்லுக்குள் தற்செயலாக முழுதாக உட்கார்ந்திருக்கிறது. யாப்பு படித்தவர்களுக்குச் சீரும் வண்ணமும் செய்யுள் உறுப்புகளாகத் தோன்றலாம். ரயில் பெட்டியைப் பற்றிய பேச்சில் அந்தக் குழப்பம் நீடிக்காது என்று நம்புகிறேன்.

ஓரக் கோடுகளைக் குறிக்கும் 'லைனிங்' என்ற துணைச் சொல்லுக்கு வேட்டி, புடவையில் இருக்கும் 'கரை'யையே எடுத்துக்கொள்ளலாம். பெட்டியின் மஞ்சள் கரை, கறுப்புக் கரை. அசலில் அரை அங்குல அகலமுள்ள கரை, நான்கு மில்லிமீட்டர் அளவில் 0.17 மி.மீ. ஆகிவிடும், நீர்க்கவைத்த பெயின்ட்டை ரூலிங் பேனா என்னும் கோடு போடும் பேனாவில் நிரப்பி இழுப்பார்கள்.

சொல்லை இப்படிப் புழங்கலாம்: "இந்தப் பெட்டி 1928-ம் ஆண்டு எல்.எம்.எஸ். சீர்வண்ணத்தில் இருக்கிறது." "கிட் முடிந்துவிட்டது, சீர்வண்ணம்தான் பாக்கி." சென்னை ஐ.சி.எஃப். ஆலையிலிருந்து வெள்ளை - நீலத்தில் வந்த வந்தே பாரத் ரயில்கள் 2023-ல் காவி - சாம்பலிலும் வரத் தொடங்கியதைச் சீர்வண்ண மாற்றம் எனலாம். ஒரு சோப்பு கம்பெனி விளம்பரத்தைச் சுற்றி ஒட்டிய ரயிலுக்கு மட்டும் இந்தச் சொல் வேண்டாம். அந்த வண்ணம் வண்டிக்காரர் கொடுத்ததில்லை.