'ஷென்' என்பது உங்கள் கிட்னி அல்ல

"கிட்னிக்குப் பலம் தரும் சீன மருந்து டாக்டர், வெறும் மூலிகைதான்." கிரியாட்டினின் (கிட்னி வடிகட்ட வேண்டிய ரத்தக் கழிவு; ஏறினால் கிட்னி கெடுகிறது) 2-லிருந்து 5-க்குப் போன பிறகுதான் இந்தப் பொட்டலம் பையிலிருந்து வெளியே வருகிறது.

சீன மருத்துவத்தின் 'ஷென்' என்ற சொல்லைச் சிறுநீரகம் என்று மொழிபெயர்த்ததில் தொடங்கியது வினை. அவர்கள் கணக்கில் ஷென் என்பது பிறவியிலேயே வரும் உயிர்ச்சத்தின் இருப்பிடம். எலும்பு, காது, தலைமுடி, ஆண்மை எல்லாம் அதன் ஆளுகை. இடுப்புவலி, காதிரைச்சல், இளநரை என்று போனால் 'ஷென் ஷூ', அதாவது ஷென் பலவீனம் என்பார் வைத்தியர். அவர் மரபில் அது சரியே. அப்படிச் சொல்லப்பட்டவரின் கிரியாட்டினின் 0.8 என்று இயல்பாகவும் இருக்கலாம். ஷென்னுக்கான டானிக்கைக் கெட்டுப்போன வடிகட்டிக்குக் கொடுப்பது நாமாகச் செய்கிற தப்பு.

சீன மருத்துவமனைகளில் சிறுநீரகச் செயலிழப்புக்கு அதிகம் பயன்படுவது தா ஹுவாங். நம் நாட்டு மருந்துக் கடை ரேவல்சின்னியின் இனம். பேதியாக்கி. கண்காணிப்பில்லாமல் குடித்தால் நீர்ச்சத்து வற்றி, மிச்சமிருக்கும் கிட்னியும் படுத்துவிடும். பல கலவைகளில் அதிமதுரமும் சேரும். ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும்.

உண்மையான பயங்கரம் பெயர்க் குழப்பம். 1990-களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸில் எடை குறைக்கப் போன பெண்களுக்கு 'ஹான் ஃபாங் ஜி' என்ற மூலிகைக்குப் பதில் 'குவாங் ஃபாங் ஜி' போய்ச் சேர்ந்தது. பின்னதில் கிட்னியைக் கெடுத்து, புற்றுநோயும் உண்டாக்கும் அரிஸ்டோலோகிக் அமிலம். பலருக்கு டயாலிசிஸ். 2000-இல் வெளியான ஆய்வில், முன்னெச்சரிக்கையாகச் சிறுநீரகங்களையும் சிறுநீர்க் குழாய்களையும் அகற்றிய 39 பேரில் 18 பேருக்குப் புற்றுநோய் தெரிந்தது. இதே அமிலமுள்ள குவான் மு டோங் என்ற மூலிகையைச் சீனாவே 2003-இல் விலக்கியது. (நம் ஆடுதின்னாப்பாளையும் ஈசுவரமூலியும் அதே குடும்பம். சிரிக்க வேண்டாம்.)

இந்த அமிலத்தால் கிட்னி கெட்டால் பெரும்பாலும் வீக்கம் வராது, சிறுநீரில் புரதமும் சொற்பம். ரத்த சோகை மட்டும் கிட்னி கெட்ட அளவுக்கு மீறி இருக்கும். ரத்தச் சர்க்கரை சரியாக இருந்தும் சிறுநீரில் சர்க்கரை காட்டலாம்.

பொட்டலத்தில் தாவரப் பெயர் இல்லையா, வாங்காதீர்கள். ஏற்கெனவே குடிக்கிறீர்களா, இன்றே நிறுத்திவிட்டு கிரியாட்டினின், பொட்டாசியம் பாருங்கள். அந்த அமிலம் இருந்த மருந்து என்று தெரிந்தால், நிறுத்தி வருடங்கள் ஆனாலும் சிறுநீர் செல் பரிசோதனையும் ஸ்கேனும் தொடர வேண்டும். தயவுசெய்து பொட்டலத்தை மட்டும் குப்பையில் போடாதீர்கள். மேலே உள்ள சீன எழுத்தைப் படிக்க ஆள் கிடைப்பார். கிழித்த உறையைப் படிக்க யாராலும் முடியாது.