எக்ஸ்ஆர்டி சொல்வது துகளின் அளவு அல்ல

எக்ஸ்ஆர்டி என்றால் பொடியின்மேல் எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, எந்தக் கோணத்தில் எவ்வளவு தெறிக்கிறது என்று வரைபடமாகப் பார்ப்பது. போன வாரமும் ஒரு தீசிஸ் வந்தது. சூரிய மின்கலத்துக்கான துத்தநாக ஆக்சைடு. ‘துகளின் அளவு 18 நானோமீட்டர்’ என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. எப்படித் தெரியும் தம்பி என்றால், “ஷெரர் சமன்பாடு சார்.” எக்ஸ்ஆர்டி வரைபடத்தில் எழும் பீக்கின் (முகட்டின்) அகலத்திலிருந்து அளவைக் கணக்கிடும் சூத்திரம் அது. அடுத்த பக்கத்திலேயே எஸ்இஎம் (எலக்ட்ரான் நுண்ணோக்கி) படம், அதில் அரை மைக்ரான், அதாவது 500 நானோமீட்டர் உருண்டைகள். பையனுக்கும் உறுத்தவில்லை, கைடுக்கும் உறுத்தவில்லை.

நெல்லை, தென்காசிப் பக்கமிருந்து வரும் சாம்பிள்களில் பாதிக்கு இதே கதைதான். ஷெரர் தருவது படிகத்தின் அளவு. ஒரு துகளுக்குள் பல படிகங்கள் ஒட்டிக் கிடக்கலாம். பனங்கற்கண்டுக் கட்டியை உடைத்துப் பார்த்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சாயமேற்றிய சூரிய மின்கலத்தில் சாயம் ஒட்டுவது துகளின் பரப்பில். அந்தப் பரப்பை அளக்க பிஇடி (துகளின்மேல் வாயுவை ஒட்டவைத்து அளக்கும் முறை) இருக்கிறது. பீக்கின் அகலத்தில் கருவியின் பங்கும் உண்டு, அதைக் கழிக்க வேண்டும். அகலத்தை ரேடியனில் போட வேண்டும். டிகிரியில் போட்டால் விடை 57 மடங்கு சுருங்கும். 0.3 நானோமீட்டர் படிகம் என்று ஒருவர் எழுதியிருந்தார். துத்தநாக ஆக்சைடின் அலகுக்கூட்டின் (படிகத்தில் திரும்பத் திரும்ப அடுக்கப்படும் மிகச் சிறிய கட்டத்தின்) உயரமே 0.52 நானோமீட்டர், ஐயா!

அப்புறம் கழுவுதல். துத்தநாக குளோரைடையும் சோடியம் ஹைட்ராக்சைடையும் சேர்த்தால் சாப்பாட்டு உப்பும் கூடவே வரும். அதன் பெரிய பீக் 31.7 டிகிரியில்; துத்தநாக ஆக்சைடின் முதல் பீக் 31.8-ல். ஒன்றன்மேல் ஒன்று ஏறி அந்தப் பீக் மட்டும் ஓங்கி நிற்க, ‘படிகம் ஒரே திசையில் வளர்ந்திருக்கிறது’ என்று இரண்டு பக்கம் விளக்கம். முதலில் 45.4-ஐப் பாருங்கள். அங்கேயும் பீக் இருந்தால் அது உப்பு. தாமிரபரணித் தண்ணீர் குடிக்க அமிர்தம்தான், ஆனால் கழுவ வடிநீர்தான் வேண்டும். கழுவிய நீரில் ஒரு சொட்டு வெள்ளி நைட்ரேட் விடுங்கள். பால்போலக் கலங்கினால் இன்னும் கழுவ வேண்டும்.

இன்னொன்று. காய்ந்த பொடியை ஃபேனுக்கடியில் உட்கார்ந்து உரலில் அரைக்காதீர்கள். மேசையெல்லாம் வெள்ளையாகப் படிகிறதே, அது நுரையீரலிலும்தான் படியும். கைக்குட்டை கட்டினால் போதாது. என்95 போடுங்கள், ஃபேனை நிறுத்துங்கள், முடிந்தால் புகைக்கூண்டுக்குள் அரையுங்கள். தயவுசெய்து.

சாம்பிளைப் பேப்பரில் மடித்துப் பஸ்ஸில் கொடுத்தனுப்ப வேண்டாம். மூடியுள்ள குப்பியில் தாருங்கள். எதில் தயாரித்தது, எத்தனை டிகிரியில் எவ்வளவு நேரம் சுட்டது என்று எழுதி ஒட்டுங்கள். வெறும் ‘எஸ்1’, ‘எஸ்2’ என்று வந்தால் இனி திருப்பி அனுப்பிவிடுவேன்.