பருவம் மாறும்போது குறைவது எதிர்ப்பு சக்திதானா?

பருவம் மாறும் வாரங்களில் என்னிடம் வருபவர்களில் பலர், நாற்காலியில் உட்கார்ந்ததும், "எதிர்ப்பு சக்தி குறைந்துவிட்டது டாக்டர், ஏதாவது டானிக் எழுதிக் கொடுங்கள்" என்கிறார்கள். உடலின் எதிர்ப்பாற்றல் ஒரு வாரத்தில் வடிந்துபோகும் பொருளல்ல; முதலில் தளர்வது பெரும்பாலும் மூக்கின் காவல்தான்.

மூக்கின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் சளிப்படலத்தில் தூசியும் கிருமியும் ஒட்டிக்கொள்ள, அதன் அடியிலுள்ள நுண்ணிய இழைகள் அவற்றைத் தொண்டைப் பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கின்றன; நாமும் அறியாமலே விழுங்கிவிடுகிறோம். குளிர்ந்த வறண்ட காற்றில் இந்தப் படலம் உலர்ந்து கெட்டியாவதால் இழைகளின் வேலை மந்தமாகிறது. சாதாரணச் சளியை உண்டாக்கும் ரைனோ வைரசுக்கோ, உடலின் உட்புறத்து 37 டிகிரி செல்சியஸைவிட மூக்கினுள் நிலவும் 33 முதல் 35 டிகிரிதான் பெருகுவதற்கு வசதியானது. ஈரப்பதம் குறைந்த காற்றில் ஃப்ளூ வைரசும் கூடுதல் நேரம் பிழைத்திருக்கிறது. குளிருக்கு அஞ்சி எல்லோரும் சன்னலைச் சாத்திக்கொண்டு ஓர் அறையில் இருப்பது மீதி வேலையை முடித்துவிடுகிறது.

ஒருமுறை, சளிக்காய்ச்சலுடன் குழந்தையைத் தூக்கிவந்த தாய், மூடியைச் சுற்றிப் பிசுபிசுவென்று படிந்திருந்த சிரப் புட்டி ஒன்றைப் பையிலிருந்து எடுத்து, "போன வருஷம் கொடுத்தது, மீதி இருந்தது, இரண்டு நாளாகக் கொடுக்கிறேன்" என்றார். அது ஆன்டிபயாடிக். வைரசை அது தொடாது; தவிர, தண்ணீர் கலந்து வைத்த அவ்வகை மருந்து ஓரிரு வாரங்களுக்கு மேல் தாங்காது. டானிக்கைப் பற்றியும் என் கருத்து ஏறக்குறைய இதுதான்: சளிக்கு அதனால் பயனில்லை. ஃப்ளூ தடுப்பூசி அப்படியல்ல. ஆனால் அது பலன்தரச் சுமார் இரண்டு வாரம் பிடிக்கும் என்பதால், பருவம் தொடங்குமுன்பே போட்டுக்கொள்ள வேண்டும்.

மழைக்காலத்துக் கணக்கு வேறு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் உட்சுவரில் முட்டையிடுகிறது; அம்முட்டைகள் காய்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிரோடிருந்து, மழைநீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே தண்ணீரைக் கொட்டிக் கவிழ்ப்பதோடு நில்லாமல், உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். இக்காலத்துக் காய்ச்சலுக்கு மருத்துவரைக் கேளாமல் ஆஸ்பிரின், இபுபுரூஃபன் போன்றவற்றை எடுத்துக்கொள்ளலாகாது, ஏனெனில் டெங்குவாக இருந்தால் அவை இரத்தக்கசிவைக் கூட்டக்கூடும். டெங்குவில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் தணியும்போதே தொடங்குவதால், சூடு இறங்கிய பின் கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், மிகுந்த சோர்வு ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.